சைலன்சரில் இருந்த துணி

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரித் துணியறையின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஊழியர் வேன் ஓடாது என்று அதில் இருந்தது. ஏன் ஓடாது என்று எழுதவில்லை. காரணம் சொல்லும் பழக்கம் அந்த நிர்வாகத்துக்கு எந்தக் காலத்தில் இருந்தது, இப்போது வருவதற்கு?

துணியறை அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே போய் விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். இருபத்தேழு வருஷமாக மடிக்கிறாள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி என்று அந்த ஆஸ்பத்திரியில் எந்தத் துணியும் அவள் கைபடாமல் நோயாளி மேல் பட்டதில்லை. தெருவில் நடக்கும்போது எங்கேயாவது ஒரு துணி அழுக்காகக் கிடந்தால்கூட அவள் கை துறுதுறுக்கும். காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். அவள் வீட்டுப் பக்கத்திலிருந்து புறப்படும் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வேன் இல்லையென்றால் வேலை இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

மேற்பார்வையாளர் நல்லவர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, குவார்ட்டர்ஸ்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. வந்து தங்கிக்கோங்க. லீவு நாள்ல வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

"வீட்டுல அவர் இருக்காரே சார்."

"அதான் யோசிக்கறேன். ஒரு ஆளுக்குத்தான் இடம்."

அவர் என்பது அவள் கணவர். இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருந்த மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன. தடியை ஊன்றிக் குளியலறை வரைக்கும் போவார். இடது கையால் சாப்பிடுவார். மற்ற நேரமெல்லாம் மாடியறை ஜன்னலோரத்தில் நாற்காலி. கீழ்வீட்டுத் தையல்காரர் காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் ஏறி வந்து எட்டிப் பார்த்து, டீ கொடுத்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டில் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே எட்டு மணி நேர ரயில் தூரத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள். செய்தி எப்படித்தான் காதில் விழுமோ தெரியாது. "அவனைக் கொண்டாந்து எங்கிட்ட விட்டுட்டு நீ குவார்ட்டர்ஸ்ல இரு. என் தம்பிக்கு நான் சோறு போட மாட்டேனா?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் அங்கே போனவர் திரும்பி வருவார் என்று இவளுக்கு நம்பிக்கை இல்லை. இவள் இன்னும் எட்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். எட்டு வருஷம் ஒருத்தர் ஒரு மூலையிலும் இன்னொருத்தர் வேறொரு மூலையிலுமாக இருந்து, அப்புறம் என்ன வாழ்க்கை?

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார்.

இந்தச் 'சரி'தான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்த மனுஷனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். ஷெட்டில் ஒருவன் ஸ்பேனரை மண்ணில் வைத்தால் அவர் போடும் சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். வீட்டிலும் அப்படித்தான், டம்ளரை வைத்த இடத்தில் வைக்காவிட்டால் அரை மணி நேரம் பாட்டு. பக்கவாதம் வந்து நாலு மாதத்தில் பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. திட்டு மட்டும் திரும்பவில்லை. சோறு குழைந்தாலும் சரி, மருந்து தாமதமானாலும் சரி. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும் ஆளோடு மூன்று வருஷம் குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் அந்த அலுப்புத் தெரியும்.

"நம்ம வண்டிய எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள்.

"மூணு வருஷமா நிக்குது."

"நிக்கிற வண்டிய ஓட வைக்கிறதுதானே உங்க தொழில்."

"அது அப்போ. மெயின் ரோட்டுல எவன்கிட்டயாவது குடுத்துப் பாரு."

தன் வண்டியை இன்னொரு மெக்கானிக் தொட்டால் பத்து நாள் சாப்பிடாத ஆள் இவர். "எவன்கிட்டயும் குடுக்க மாட்டேன். நீங்க மேல இருந்து சொல்லுங்க, நான் கீழ இருந்து பண்றேன்" என்றாள். அதற்கும், "சரி."

வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர்தான் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ்கூட இருக்கிறது.

அந்த மோட்டார் சைக்கிள் அவர் ஜன்னலுக்கு நேர் கீழே, தகரக் கூரையடியில் தார்ப்பாய் மூடி நின்றது. நிறுத்தியவர் அவரேதான். அப்போது அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன், மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு என்று நிறுத்திவிட்டுப் போனவர், ஆஸ்பத்திரியிலேயே பக்கவாதமும் வந்து விழுந்தார். ஆபரேஷனுக்கு முந்தின பத்து நாள் அவர் தலையில் இல்லவே இல்லை. வண்டியை நிறுத்தியது எப்படி, என்னென்ன செய்தார், எதுவும் ஞாபகம் கிடையாது.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து தார்ப்பாயை உருவினாள். சைலன்சரின் வாயில் ஒரு துணி சுருட்டிச் செருகியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்குத் துணி. பார்த்ததும் பிடுங்கினாள், சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள், அரை மணியில் கசக்கிக் கொடியில் உலர்த்தினாள். துணியென்றால் அவள் வேறென்ன செய்வாள்? அதை மேலே சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வண்டியில் இருக்கிற இரும்பெல்லாம் அவர் விஷயம், துணி அவள் விஷயம்.

டேங்க் காலியாக, உள்ளே துருவில்லாமல் இருந்தது. "வடிச்சுட்டுத்தான் நிறுத்தியிருக்கேன் போல" என்றார் ஜன்னலிலிருந்து. புது பெட்ரோல் ஊற்றினாள். எஞ்சின் ஆயில் மாற்றினாள். பேட்டரியைக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வந்தாள், டயருக்குக் காற்று பிடித்தாள். அப்புறம் கிக்கரை மிதித்தாள். பத்தொன்பதாவது மிதியில் வண்டி இருமியது. பட்டென்று ஒன்று, கொஞ்சம் நேரம் கழித்து இன்னொன்று, பின்னால் கரிப்புகை. ஆக்சிலேட்டரைத் திருகினாளோ இல்லையோ, செத்துவிட்டது.

"பிளக்கைக் கழட்டிக் கொண்டா."

பதினேழு படி. எட்டு மணி நேரம் நின்று துணி மடித்த கால். ஏறினாள். அவர் இடது கையில் பிளக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது.

"பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. சோக் மாட்டியிருக்கா பாரு."

இறங்கிப் பார்த்தாள். மாட்டவில்லை.

"ஏர் ஃபில்டர்?"

பெட்டியைத் திறந்து ஃபில்டரை வெளியே எடுத்தாள். தூசியே இல்லை. அவள் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டதில் அது மாப்பிள்ளை மாதிரி ஆனதுதான் மிச்சம், எஞ்சின் பழையபடி இருமியது.

வெள்ளிக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றினாள். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஒவ்வொன்றாக அலசி, மேலே தூக்கிக்கொண்டு போனாள். அவர் பெட்ரோல் வரும் ஜெட்டை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். மாட்டினாள். இருமியது. சனிக்கிழமை மறுபடி கழற்றி பெட்ரோலை அளவாக நிறுத்தும் மிதவையைச் சரிபார்த்தாள். மாட்டினாள். இருமியது. எத்தனை தடவை படியேறினாள் என்று கேட்டால் தையல்காரர் சொல்வார். பாவம், அவர் ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்திவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க. வண்டிதானே."

"வெறும் வண்டி இல்லப்பா" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் மறுபடி போன். ராத்திரி ரயிலில் தன் மகனை அனுப்புகிறாளாம், வந்து கூட்டிப்போக. அனுப்பட்டுமா என்று கேட்டாள். இவள் போனைக் கையில் மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குவார்ட்டர்ஸும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்று எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்றுகூட அந்த நிமிஷத்தில் நினைத்தாள்.

"சாயங்காலம் சொல்றேன்னு சொல்லு. வண்டி கிளம்பலைன்னா அனுப்பச் சொல்லு" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கீழே இறங்கினாள். ஃபில்டரை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தாள். திரும்ப வைத்தாள். பெட்டியின் மூடியைப் படியில் வைத்திருந்தவள் அதைப் போட மறந்துவிட்டாள். தூக்கம் கண்ணைச் சுழற்றியது, கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். அப்படியே போய்க் கிக்கரை மிதித்தாள்.

மூன்றாவது மிதி. வண்டி பிடித்துக்கொண்டது. இருமலும் இல்லை, கரிப்புகையும் இல்லை. வயிறு நிறைந்த குழந்தை தூங்குகிற மாதிரி ஒரே சீராக நின்று ஓடியது.

"என்ன பண்ணின?" மேலேயிருந்து சத்தம்.

"ஒண்ணும் பண்ணலையே."

"ஏதோ பண்ணியிருக்க. ஆக்சிலேட்டர் குடு."

கொடுத்தாள். ஏறியது, இறங்கியது, சாகவில்லை. அப்போதுதான் படியில் இருந்த மூடியைப் பார்த்தாள். திட்டு வாங்கப் பயந்த காலத்துப் பழக்கத்தில் ஓசைப்படாமல் எடுத்து மாட்டினாள். இரண்டு நிமிஷத்தில் பட் பட்டென்று பழைய கதை.

"ஃபில்டர் மூடி திறந்திருந்துச்சாக்கும்" என்றார் அவர். ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியாது. காதால் மட்டும் கேட்டுச் சொல்கிறார். "மூடினா மூச்சு முட்டுது. அப்போ வெளிக்காத்து வர்ற வழியில என்னமோ இருக்கு. சீட்டைக் கழட்டு. அடியில ரப்பர்ல மூக்கு மாதிரி ஒரு குழாய் இருக்கும். விரலை விட்டுப் பாரு."

சீட்டைக் கழற்றி விரலை விட்டாள். மெத்தென்று பட்டது. இரண்டு விரலால் கவ்வி இழுத்தாள். துணி. கட்டம்போட்ட துணி, நாலாக மடித்துச் சுருட்டி இறுக்கமாகச் செருகியது. சைலன்சரிலிருந்து எடுத்தாளே, அதே துணியின் மறுபாதி.

மூடியைப் போட்டு, சீட்டைப் போட்டு, மிதித்தாள். ஒரே மிதி. தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வெளியே ஓடி வந்தார். "அக்கா, கிளம்பிருச்சே." அவள் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் துணியை எடுத்துக்கொண்டு பதினேழு படியையும் ஏறினாள்.

அவர் துணியை மடியில் விரித்துப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது என் மடிப்பு" என்றார். "சைலன்சர்லயும் இருந்திருக்கணுமே."

"இருந்துச்சு. வியாழக்கிழமை எடுத்துத் தொவைச்சுப் போட்டேன்."

இப்போது வெடிப்பார் என்று நின்றாள். மூன்று நாள் உயிரை விட்டது எதற்காக, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணி வேலை. ஆனால் அவர் வெடிக்கவில்லை. துணியை மெதுவாகச் சுருட்டினார்.

"வண்டி ஓடும். நீ வேலைக்குப் போ. ஆனா அக்காகிட்ட சொல்லிடு, நான் வர்றேன்னு."

"ஏங்க? அதான் வண்டி கிளம்பிடுச்சே."

"நீ ஓட்டிட்டுப் போறப்போ பாத்தேன். ஹேண்டில் பார்ல கயிறு கட்டலியே."

ஷெட்டில் அவர் வைத்திருந்த சட்டம் அது. நிறுத்தி வைக்கும் வண்டியின் எந்த வாயையாவது எலி, பூச்சி புகாமல் துணியால் அடைத்தால் ஹேண்டில் பாரில் ஒரு சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். அடுத்து வருகிறவன் கயிற்றைப் பார்த்தால் எதையோ எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வான். இதைக் கட்டாமல் விட்ட ஒருவனை அவர் அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தினார். இரண்டு பிள்ளைகள் இருக்கிற ஆள், வாசலில் வந்து அழுதான். அவர் கேட்கவில்லை. அந்தக் கதையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், மழைச் சத்தம் கேட்பது மாதிரி.

"அவனை அப்படி விரட்டினேன். கடைசியா நான் பண்ணின வேலையில நானே கட்டல" என்றார். "கை கால் போனதுக்கு முன்னாடியே புத்தி போயிருக்கு. அது தெரியாம நான் சொல்லி, நீ மூணு நாளா ஏறி எறங்கியிருக்க. நாளைக்கு அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துட்டேன்னா? நீ அங்க துணி மடிச்சிக்கிட்டிருப்ப. இங்க வீடு எரியும், கீழ அந்த மனுஷனும் சேந்து எரிவாரு. வேணாம். நான் போயிடறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலின் திரைச்சீலையை ஒதுக்கி ஒரு கயிற்றால் கம்பியோடு கட்டியிருந்தது. மூன்று வருஷமாக அங்கேதான் இருக்கிறது. வெயிலில் வெளிறிப்போய் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்ட கயிறு.

அவள் எழுந்துவிட்டாள்.

"அது உங்க கயிறுங்க."

"எது?"

"திரையில இருக்கறது. உங்களை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு, காத்துல திரை பறந்து உங்க மூஞ்சியில மூஞ்சியில அடிச்சுது. தள்ளிவிட உங்களுக்கு அப்போ இடது கையைக்கூடத் தூக்கத் தெம்பில்ல, வாயும் வரல, பாத்துக்கிட்டே இருந்தீங்க. எனக்குப் பொறுக்கல. கீழ ஓடினேன். வண்டியில சிவப்பா ஒரு கயிறு இருந்துச்சு. அவுத்துட்டு வந்தேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"என்னைச் சமாதானம் பண்ணறதுக்குச் சொல்லாத. மூணு வருஷமா நீ சொல்ற பொய் எல்லாம் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னாருன்னு சொல்லுவியே, அடுத்த வருஷம் கை வந்துடும்னு."

"இது பொய்யில்ல."

"எப்படிக் கட்டியிருந்துச்சு?"

"எப்படின்னா?"

"முடிச்சு. எத்தனை முடிச்சு?"

"ரெண்டு" என்றாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒண்ணு போட்டு, ஒரு விரல் இடம் விட்டு இன்னொண்ணு. ஒரு முடிச்சு அவுக்கறதுக்குள்ள நகம் ஒடிஞ்சுது. இன்னொண்ணைப் பல்லால கடிச்சு அவுத்தேன். ஒரு கயித்துக்கு எதுக்குடா ரெண்டு முடிச்சுன்னு உங்களைத்தான் திட்டினேன்."

அவர் சுருட்டிய துணியை இடது கையால் மறுபடி விரித்தார்.

"ஒரு துணிக்கு ஒரு முடிச்சு" என்றார். "சைலன்சருக்கு ஒண்ணு. காத்துக் குழாய்க்கு ஒண்ணு. எத்தனை எடுக்கணும்னு எண்ணிப் பாக்கறதுக்கு. இதை நான் உங்கிட்ட சொன்னதே இல்ல."

"இல்ல."

"கட்டியிருக்கேன்."

"கட்டியிருந்தீங்க."

"சரியா கட்டியிருக்கேன்."

"நான்தாங்க அவுத்தேன்."

கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆரம்பத்தில் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அவுத்தியா? ஒரு மெக்கானிக் வீட்டுல முப்பது வருஷம் இருந்திருக்க. வண்டியில ஒரு கயிறு இருந்தா அது எதுக்கு இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டியா? கொடி கட்டறதுக்குன்னு நெனச்சியா? சரி, அன்னிக்கு அவசரம், விடு. வியாழக்கிழமை சைலன்சர்லேர்ந்து துணி எடுத்தியே, அப்போ மேல ஒரு ஆள் உக்காந்திருக்கான்னு ஞாபகம் வரலியா உனக்கு? சொல்றதுக்கு வாய் வலிச்சுதா? தொவைச்சாளாம், காயப்போட்டாளாம். இஸ்திரியும் போட்டிருக்க வேண்டியதுதானே. மூணு நாள். நல்லா இருந்த கார்புரேட்டரை மூணு நாளா நோண்டிக்கிட்டிருக்கோம். எத்தனை தடவை கேட்டேன், என்ன பண்ணின, என்ன பண்ணினன்னு. ஒண்ணும் பண்ணலையாம்."

குரல் ஏறிக்கொண்டே போனது. தையல் மிஷின் நின்றது. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. ஸ்பேனரிலிருந்து டம்ளர் வரைக்கும், மூன்று வருஷத்துக் குழைந்த சோறு, தாமதமான மருந்து, காலண்டரில் கிழிக்காமல் விட்ட தாள், எல்லாம் வரிசையாக வந்தது. ஒன்றையும் மறக்கவில்லை அந்த மனுஷன். எல்லாவற்றையும் எங்கேயோ அடுக்கித்தான் வைத்திருந்திருக்கிறார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. அழுதால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயம். தலையைக் குனிந்து, எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு, களைத்த உடம்போடு கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. நாத்தனார்தான். அவள் எடுத்துக் கொடுக்க, அவர் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார்.

"அக்கா, பையனை அனுப்பாத. நான் வரல" என்றார். "எப்படி வர்றது? இங்க இவளை நம்பி ஒரு கயிறு கட்டிட்டுப் போக முடியல."